மைலேஜ் குறைஞ்சுடுச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒருதடவை அளந்துடுங்க

கும்பகோணம் பக்கம் கார் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். "அண்ணே, வண்டி பெட்ரோல குடிச்சுத் தள்ளுதுண்ணே, இன்ஜெக்டர் க்ளீன் பண்ணிடலாமா"ன்னு வர்றவங்ககிட்ட எப்படி அளந்தீங்கன்னுதான் முதல்ல கேப்பேன் (இன்ஜெக்டர்னா இன்ஜினுக்குள்ள பெட்ரோல பீச்சுற பாகம்). ஆயிரம் ரூபாய்க்கு போட்டேன், மயிலாடுதுறை போய்ட்டு வர்றதுக்குள்ள பெட்ரோல் மீட்டர்ல ரெண்டு பாயிண்ட் இறங்கிடுச்சும்பாங்க. அது அளவே இல்லைங்க. டேங்க் நேரான பெட்டி கிடையாது, உள்ள மிதக்குற மிதவைய வச்சு காட்டுறதால மேல்பாதி மெதுவா இறங்கும், கீழ்ப்பாதி மளமளன்னு இறங்கும். டேஷ்போர்டுல வர்ற ஆவரேஜும் பல வண்டில கொஞ்சம் தாராளமாத்தான் காட்டும்.

பங்க்ல பெட்ரோல் போடுற நாசில் தானா நிக்குற (ஆட்டோ கட்) வரைக்கும் ஃபுல் டேங்க் போடுங்க, காசை ரவுண்டு பண்றேன்னு அதுக்கு மேல ஊத்த விடாதீங்க. ட்ரிப் மீட்டர ஜீரோ பண்ணிட்டு எப்பவும் ஓட்டுற மாதிரியே 300, 400 கிமீ ஓட்டிட்டு அதே பங்க்ல அதே பம்புல மறுபடி ஆட்டோ கட் வரைக்கும் போடுங்க. 372 கிமீக்கு 24 லிட்டர் பிடிச்சா லிட்டருக்கு 15.5 கிமீ. வெறும் 100 கிமீ ஓட்டிட்டு கணக்கு போட்டா, ஆட்டோ கட் அரை லிட்டர் முன்னபின்ன ஆனாலே லிட்டருக்கு ஒரு கிமீக்கு மேல மாறிக் காட்டும்.

நம்பர் வந்தப்புறமும் உடனே ஸ்பேனர எடுக்க வேண்டாம். நவக்கிரக சவாரி ஓட்டுற தம்பிங்க ஒவ்வொரு கோயில் வாசல்லயும் ஏசிய போட்டு இன்ஜின ஓடவிட்டு உக்காந்திருப்பாங்க, வண்டிய பொறுத்து மணிக்கு ஒரு லிட்டர் கிட்ட அதுலயே போயிடும், மீட்டர்ல ஒரு கிமீ கூட ஏறாது. தஞ்சாவூர் திருச்சி நாலுவழில 80க்கு பதிலா 100ல போனா காத்தோட எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல ஏறிடும். அப்புறம் இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனால்ல லிட்டருக்கு லிட்டர் சக்தி மூணுல ஒரு பங்கு கம்மி, ஏட்டுக்கணக்குப்படி பாத்தா எத்தனால் கலக்காத பெட்ரோல்ல 16 குடுத்த வண்டி 15 பக்கம் வரலாம். இதுக்கெல்லாம் நான் எதைக் கழட்டுறது?

நிஜமாவே கோளாறுன்னா நான் முதல்ல சந்தேகப்படுறது பிரேக்கைத்தான். நம்ம பக்கம் மழையும் சேறும் சேந்து காலிப்பர் (பிரேக் பேட டிஸ்க்ல அமுக்குற பாகம்) நகர்ற பின் துருப்பிடிச்சு இறுகிடும், பெடல்லேர்ந்து கால எடுத்தாலும் பேட் டிஸ்க்க விடாது, வண்டி பிரேக்க பிடிச்சுக்கிட்டே ஓடும். 15 கிமீ பிரேக் அதிகம் அடிக்காம ஓட்டிட்டு நிறுத்தி நாலு வீல் கிட்டயும் கைய கொண்டு போங்க, தொட்டுடாதீங்க, ஒண்ணு மட்டும் அனலா அடிச்சா அதான் ஆளு. அந்த காலிப்பர் பின்னுக்கு க்ரீஸ் போட்டு விட்டா பாதி கேஸ் சரியாயிடும், பெரிய செலவில்ல.

டயர் காத்து 5 பிஎஸ்ஐ குறைஞ்சா மைலேஜ்ல ஒரு சதவீதம்தான் போகும், ஆனா ஓரம் தேஞ்சு டயரே போயிடும், அதான் பெரிய நஷ்டம். டிரைவர் கதவ தொறந்தா தூண்ல அளவு ஒட்டியிருக்கும், காலைல வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி, டயர் சூடாகாதப்ப அதுபடி பாருங்க.

பாலம் இறங்குறப்ப நியூட்ரல் போட்டா மிச்சம்ன்னு ஒரு பழக்கம் இருக்கு. இன்ஜெக்ஷன் வண்டில கியர்லயே வச்சு ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எடுத்தா பெட்ரோல் போறதே நின்னுடும், நியூட்ரல் போட்டாதான் இன்ஜின் அணையாம சும்மா ஓடுறதுக்கு (ஐடில்) ஊத்தும். இதுல சாவிய வேற ஆஃப் பண்றவங்க இருக்காங்க, பவர் ஸ்டீரிங் போயிடும், பிரேக் கல்லு மாதிரி ஆயிடும், தயவுசெஞ்சு வேண்டாம்.

தை அறுவடை சமயத்துல ரோட்டுலயே நெல்லு காயும், சுணையெல்லாம் ஏர் ஃபில்டர்லதான் போய் உக்காரும். இப்ப வர்ற பெட்ரோல் வண்டில அதனால மைலேஜ் பெருசா அடிபடாது, பிக்கப்புதான் மந்தமாகும், இருந்தாலும் அறுவடை முடிஞ்சதும் மாத்திடுங்க. அப்படியே குனிஞ்சு சைலன்சர் பக்கம் வைக்கோல் சுத்தியிருக்கான்னு பாருங்க, அது மைலேஜுக்காக இல்ல, சூட்டுல தீப்பிடிச்சுடும்.