பிக்கப் கதவு ஏன் தொங்குகிறது?

தம்மாமிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “என்னிடம் 1980-களில் வந்த செவர்லே பிக்கப் இருக்கிறது. டிரைவர் பக்கக் கதவைத் தூக்கிப் பிடித்து அடைத்தால்தான் லாக் விழுகிறது. கதவு வளைந்துவிட்டதா?”

அநேகமாக இல்லை. கதவைப் பாதி திறந்து, ஓரத்தைப் பிடித்து மேலே தூக்குங்கள். கீல் டக்கென்று ஆடினால் உள்ளே இருக்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. கீலின் இரு பாதிகளையும் கோக்கும் எஃகுக் கம்பிதான் பின். அதைச் சுற்றியிருக்கும் சின்ன வளையம் புஷ்.

இங்கேதான் எனக்குப் பிடித்த நெம்புகோல் வேலை செய்கிறது. கதவின் எடை 40 கிலோ, நீளம் 120 செ.மீ., கீல்களின் இடைவெளி 40 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். எடை முழுவதும் நடுவில், அதாவது கீலிலிருந்து 60 செ.மீ. தள்ளித் தொங்குகிறது. அந்தத் திருகுவிசையைத் தாங்கும் கீல்களுக்கு நடுவே 40 செ.மீ.தான் இருக்கிறது. அதனால் மேல் கீலை வெளியே இழுக்கும் விசை 60 கிலோ எடைக்குச் சமம். கீழ்க் கீலை அதே அளவு விசை உள்ளே அழுத்துகிறது. கதவைப் பிடித்துத் தொங்கி ஏறும் பழக்கம் இருந்தால் இன்னும் கூடும். மேல் கீலில் 1 மி.மீ. இடைவெளி விழுந்தால், லாக் இருக்கும் ஓரம் 3 மி.மீ. இறங்கிவிடும்!

நான் கழற்றிய ஒரு புஷ், ஒரு பக்கம் புதிதுபோலத் தடிமனாகவும் மறுபக்கம் காகிதம்போலவும் இருந்தது. துளை முட்டை வடிவமாகிவிட்டது. இது கோளாறே அல்ல. விலை குறைந்த மென்மையான உலோகம் தான் தேய்ந்து கீலைக் காப்பாற்றியிருக்கிறது.

1966-இல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு, உராய்வையும் தேய்மானத்தையும் சரியாகக் கவனித்தால் ஆண்டுக்கு 515 மில்லியன் பவுண்டு மிச்சமாகும் என்று கணக்கிட்டது. நம் அரசுகளும் இந்த ஆய்வுக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, வேலைக்கு வருவோம். கதவுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்குங்கள். கீலில் ஸ்பிரிங் இருந்தால், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு அதை முதலில் எடுங்கள், தெறிக்கும். ஒரு நேரத்தில் ஒரு கீல் மட்டும். பழைய பின்னைத் தட்டி எடுத்து, புது புஷ்ஷையும் பின்னையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பழைய பின்னை அப்படியே விட்டால், அது புது புஷ்ஷை அரித்துவிடும். அப்புறம் கொஞ்சம் கிரீஸ்.

லாக் மாட்டும் கொக்கியை யாராவது முன்பே கீழே இறக்கி வைத்திருந்தால், இப்போது கதவு உயர்ந்து நிற்கும். கொக்கியையும் பழைய இடத்துக்கு ஏற்றி முறுக்கிவிடுங்கள்.