அதிகாரம்: ஆள்வதா, அடுக்குவதா?

"மத்தேயு, ஐந்தாம் அதிகாரம், மூன்றாம் வசனம்" என்று வாசிப்பவர் சொன்னதும் பக்கங்கள் புரளும் ஓசை எழும். அமைச்சருக்கும் அதிகாரம் இருக்கிறது, விவிலியத்தின் மத்தேயு நூலுக்கும் இருக்கிறது. முன்னது ஆட்சி, பின்னது நூற்பிரிவு. ஒலி ஒத்துப்போன இரண்டு தனிச் சொற்கள் இவை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, இரண்டும் ஒரே சொல்.

வடமொழியில் 'அதி' என்றால் மேல். 'கார' என்பது செய்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வருவது. ஒன்றைத் தலைமையில் வைப்பது அதிகாரம். ஆளைத் தலைமையில் வைத்தால் பதவி. பொருளைத் தலைமையில் வைத்தால் தலைப்பு. பாணினியின் இலக்கணத்தில் 'அதிகார சூத்திரம்' என்று ஒரு வகை உண்டு. அது தனியாக நின்று எதையும் விதிக்காது. தனக்குக் கீழே வரும் சூத்திரங்கள் அத்தனையிலும் போய்ச் சேர்ந்து, அவற்றின் பொருளை நிறைவு செய்யும்.

நம் இலக்கண உரைகாரர்கள் இதற்கு ஓர் அழகான உவமை சொன்னார்கள். அரசன் இருந்த இடத்தில் இருந்தபடியே நாடு முழுவதும் தன் ஆணையைச் செலுத்துகிறான். அதுபோல ஒரு சொல் ஓரிடத்தில் நின்றபடியே பின்வரும் நூற்பாக்களை எல்லாம் தன் பொருளின்கீழ் நடத்துவது ஒரு வகை அதிகாரம். தண்டத்தலைவன் படையோடு புறப்பட்டுப் போவதுபோல, சொல்லே அடுத்தடுத்த நூற்பாக்களுக்குள் சென்று பொருந்துவது இன்னொரு வகை. ஆட்சியையும் அத்தியாயத்தையும் இதைவிடச் சுருக்கமாக யாரும் முடிச்சுப் போட்டதில்லை. 'முறைமை' என்றும் இச்சொல்லுக்கு அவர்கள் பொருள் எழுதியிருக்கிறார்கள்.

தமிழில் அதிகாரத்துக்கு ஒரே அளவு இருந்ததில்லை. தொல்காப்பியத்தில் எழுத்து, சொல், பொருள் என்று மூன்றே அதிகாரங்கள்; ஒவ்வொன்றுக்குள்ளும் ஒன்பது இயல்கள். திருக்குறளில் அதுவே சுருங்கிப் பத்துக் குறளுக்கு ஒன்றாக, மொத்தம் 133 ஆகிறது. இளங்கோவோ முழுக் காப்பியத்துக்கே சிலப்பதிகாரம் என்று பெயர் வைத்துவிட்டு, உள்ளே காண்டம், காதை என்று பிரித்தார். ஆகவே 'அதிகாரம்' என்றதும் கிறிஸ்தவ வாசகருக்கு மனத்தில் வரும் அளவு குறளிலிருந்து வந்த பழக்கம் என்று கொள்ளலாம். குறளில் பத்து என்றால் பத்துதான். விவிலியத்திலோ 117ஆம் சங்கீதத்தில் இரண்டே வசனங்கள். இரண்டு தள்ளி 119இல் 176.

இந்த ஏற்றத்தாழ்வு மூல ஆசிரியர்கள் செய்ததல்ல. பழைய எபிரேய ஏடுகளில் எண்ணே கிடையாது. பத்தி முடிந்தால் இடம்விட்டு எழுதுவார்கள், அவ்வளவுதான். இன்றைய அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் கற்பித்த ஸ்டீபன் லாங்டன் பெயரில் வழங்குகிறது. பின்னாளில் கேன்டர்பரி பேராயரானவர் இவர். ஆளுக்கொரு கையெழுத்துப் படியை வைத்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு ஓர் இடத்தைச் சுட்டிக்காட்ட எண் வேண்டியிருந்தது. வசன எண்கள் வர இன்னும் 300 ஆண்டுகளுக்கு மேல் ஆயின. புதிய ஏற்பாட்டில் இன்றைய வசனப் பிரிவை ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர் 1551இல் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பில் கொண்டுவந்தார். பாரிஸிலிருந்து லியோனுக்குச் செல்லும் பயணத்தில் அவர் இதைச் செய்தார் என்று அவருடைய மகன் எழுதிவைத்தார். குதிரைமேல் இருந்தபடியேவா, வழியில் தங்கிய விடுதிகளிலா என்று இன்றும் வாதம் ஓடுகிறது. சில வெட்டுகளைப் பார்த்தால் குதிரை என்றே எனக்குத் தோன்றும்.

அதிகார வெட்டிலும் இடறல்கள் உண்டு. ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் ஆறாம் நாளோடு முடிகிறது. கடவுள் ஓய்ந்திருந்த ஏழாம் நாள், அதாவது அந்த வாரத்தின் நிறைவு, இரண்டாம் அதிகாரத்தின் முதல் மூன்று வசனங்களில் தொங்குகிறது. எபிரேய மரபின் பத்தி இடைவெளியோ சரியாக அந்த மூன்றாம் வசனத்துக்குப் பிறகுதான் வருகிறது. அப்போஸ்தலர் நடபடிகளில் பவுல் படிக்கட்டின்மேல் நின்று கையமர்த்துகிறார், கூட்டம் அடங்குகிறது, எபிரேய மொழியில் பேச வாயெடுக்கிறார். 21ஆம் அதிகாரம் அங்கே முடிகிறது. அவர் என்ன சொன்னார் என்று கேட்க 22க்குப் போகவேண்டும்.

நன்னூல் இதற்கு ஒரு கண்ணாடி தருகிறது. ஓர் இன மணிகளை வரிசையாகக் கோத்ததுபோல ஓரினப் பொருளை ஒருவழி வைப்பது 'ஓத்து'. ஒருநெறியின்றி விரவிய பொருள்களைத் தொடுத்தால் அது 'படலம்'. இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் விவிலியத்தின் அதிகாரங்களில் பல, பெயரளவில் அதிகாரங்கள், தன்மையில் படலங்கள்.

அப்படியானால் நேர்த் தமிழ்ச்சொல் எது? படலம், காண்டம், சருக்கம் எல்லாம் வடமொழிக் கூட்டம். 'அத்தியாயம்' ஓதுதல் என்ற பொருளில் பிறந்தது. அதற்கு அச்சாகப் பொருந்துவது 'ஓத்து'. "மறப்பினும் ஓத்துக் கொளலாகும்" என்ற குறளில் ஓத்து என்பது வேதத்தையே குறிக்கிறது. மறைநூலுக்கும் மறைநூலின் பிரிவுக்கும் ஒரே சொல் கிடைப்பது அரிது. ஆனால் இன்றைய காதுக்கு அந்த ஒலி ஒத்துவராது, காரணத்தை விரிக்கவேண்டியதில்லை. எஞ்சுவது 'இயல்'. தலைப்புக்குக் கீழ் வரும் உட்பிரிவுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். பெரிய பிரிவுக்கு அதிகாரமே இருக்கட்டும். வள்ளுவர் நூல்வழி வந்த சொல்லை வெளியேற்ற எனக்கு மனமில்லை. வழிபாட்டில் படிப்பதற்கென்று எடுத்த பகுதியைக் கத்தோலிக்கர் 'வாசகம்' என்கிறார்கள். கச்சிதமான சொல்.

நூல்களின் பெயர்களிலும் இதே இழுபறிதான். விவிலியத்தின் முதல் ஐந்து நூல்களையும் எபிரேயர் அவற்றின் தொடக்கச் சொற்களால் அழைத்தார்கள். நமக்கு இது புதிதல்ல; ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் கடவுள் வாழ்த்தின் முதற்சொல்லால் பெயர் பெற்றவை. கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் உள்ளடக்கத்தைப் பார்த்துப் பெயர் சூட்டினார்கள். எண்ணாகமத்தின் எபிரேயப் பெயர் 'பாலைநிலத்தில்' என்று பொருள்படும். கிரேக்கப் பெயரோ வெறும் 'எண்கள்'. மக்கள்தொகைக் கணக்கு நூலின் முகப்பில் இருந்ததால் நாற்பதாண்டு அலைச்சல் பின்னுக்குப் போய்விட்டது. தமிழில் 'எண்' தமிழ், 'ஆகமம்' வடமொழி. சைவர்களின் 28 ஆகமங்களால் பழகிப்போன சொல்லை மொழிபெயர்ப்பாளர்கள் தங்கள் வேதத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் தொடக்க நூல், விடுதலைப் பயணம், லேவியர், எண்ணிக்கை, இணைச் சட்டம் என்று மாற்றியது. விடுதலைப் பயணம், 'யாத்திராகமம்' என்ற பழைய பெயரைவிட மேல். யாத்திரை என்றால் புனிதத் தலம் நோக்கிப் போவது, இவர்களோ அடிமைத்தளையிலிருந்து ஓடியவர்கள்.

அதிகாரமும் வசனமும் வெறும் எண்கள். அவை பொருள் சொல்வதில்லை. இடைத்தலைப்பு அப்படியல்ல. லூக்கா 15இல் உள்ள கதையை 'கெட்ட குமாரன்' என்றும் 'ஊதாரி மைந்தன்' என்றும் வழங்குகிறோம். கதையின் முதல் வரியோ ஒரு மனிதனுக்கு இரண்டு மகன்கள் என்கிறது. 22 வசனங்களில் கடைசி எட்டு மூத்தவனைப் பற்றியவை. வீட்டு வாசலில் கோபத்தோடு நிற்கும் அவன், தலைப்பில் இல்லாததால் பாதி வாசகர்களின் நினைவிலும் இல்லை.

இதைவிட நுட்பமானது எபேசியர் ஐந்தாம் அதிகாரம். 21ஆம் வசனம் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்கிறது. 22ஆம் வசனம் மனைவியரை நோக்கிப் பேசுகிறது. தமிழில் இரண்டிலும் கீழ்ப்படியச் சொல்லும் வினை இருக்கிறது. மிகப் பழைய கிரேக்கப் படிகள் சிலவற்றில் 22இல் வினைச்சொல்லே இல்லை. 21இல் உள்ள வினை கீழே இறங்கி வந்துதான் அந்த வாக்கியத்தை நிரப்பவேண்டும். நம் உரைகாரர்கள் சொன்ன அந்த இலக்கண அதிகாரம் இதுவேதான்: மேலே நின்ற சொல், தண்டத்தலைவனைப் போலக் கீழே சென்று இயைகிறது. இரண்டு வசனங்களுக்கும் நடுவே 'மனைவியரும் கணவரும்' என்ற மாதிரி ஒரு தலைப்பைச் செருகினால், வினை மேலேயும் மனைவியர் கீழேயும் பிரிந்துவிடுகிறார்கள். ஒருவருக்கொருவர் என்ற சொல்லும் மேலேயே நின்றுவிடுகிறது. ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்புகளில் இ.எஸ்.வி. தலைப்பை 22க்கு மேலே வைக்கிறது, என்.ஐ.வி.யின் 2011 பதிப்பு அதை 21க்கு மேலே ஏற்றிவிட்டது.