ஷெரிஃப் என்பவர் எஸ்.பி. அல்லர்

அமெரிக்கக் குற்றச் செய்திகளைத் தமிழில் தரும்போது அடிக்கடி அடிவாங்கும் சொல் ‘ஷெரிஃப்’. சிலர் அவரைக் காவல் கண்காணிப்பாளர் ஆக்கிவிடுகிறார்கள், சிலர் போலீஸ் கமிஷனர். இரண்டுமே பிழை. இந்தப் பிழையோடு படிக்கிறவருக்கு, அமெரிக்க வலதுசாரி வானொலி ஏன் ஷெரிஃப்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது என்பது விளங்காது. 2020 நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) நாளை ஒட்டி நியூயார்க் மாநிலத்தில் நடந்த மோதலும் விளங்காது.

பொருளை முதலில் சொல்லிவிடலாம். அமெரிக்க மாநிலங்கள் கவுண்டிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கவுண்டியின் சட்டக் காவலுக்குப் பொறுப்பானவர் ஷெரிஃப். சிறைச்சாலை அவர் கையில். நீதிமன்ற ஆணைகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், வாடகை பாக்கி வழக்கில் வீட்டைக் காலி செய்ய வைப்பதும் அவர் ஆட்கள். நகர எல்லைக்கு வெளியே ரோந்து போவதும் அவர்களே. கென்டக்கி போன்ற மாநிலங்களில் சொத்து வரி வசூலும் அவர் வேலை. நாடு முழுக்க ஏறத்தாழ 3,000 ஷெரிஃப்கள் இருக்கிறார்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோரை யாரும் நியமிப்பதில்லை, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக்காலம் பொதுவாக 4 ஆண்டு. மாசசூசெட்ஸில் 6, நியூ ஹாம்ப்ஷயரில் 2.

சொல்லின் வேர் பழைய ஆங்கிலம். ‘ஷைர்’ என்றால் கோட்டம், பழைய பொருளில் நாடு, அதாவது மாவட்டம் போன்ற பகுதி. யார்க்‌ஷயர், ஹாம்ப்ஷயர் என்று கிரிக்கெட் செய்திகளில் நாம் கேட்கும் பெயர்களின் வால் அதுதான். ‘ரீவ்’ என்றால் மன்னரின் பொறுப்பாளர். ஷைர்-ரீவ் என்ற கூட்டுச்சொல் நாளடைவில் தேய்ந்து ஷெரிஃப் ஆயிற்று. மன்னருக்குச் சேர வேண்டிய வரியை வசூலிப்பதும், தேடப்படுகிறவனைப் பிடிப்பதும், படைக்கு ஆள் திரட்டுவதும் இவர் பொறுப்பு. இத்தனையும் ஒரே கையில் குவிந்தால் என்ன ஆகும்? ராபின் ஹுட் கதையில் வில்லன் நாட்டிங்ஹாம் ஷெரிஃபாக இருப்பது தற்செயல் இல்லை. மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1215இன் மாக்னா கார்ட்டா பட்டயமும் இவர்களுக்குக் கடிவாளம் போட்டது. அரசு வழக்குகளை ஷெரிஃப் விசாரிக்கக் கூடாது, நாட்டின் சட்டம் தெரிந்தவரையே ஷெரிஃபாக அமர்த்த வேண்டும் என்று அதில் எழுதி வாங்கினார்கள்.

நவாஸ் ஷெரீப், அஜ்மீர் ஷெரீப் என்று வரும் ‘ஷெரீப்’ வேறு சொல். அது அரபி, உயர்குடியினர், மேன்மை மிக்கது என்று பொருள். தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதும் வழக்கம் இருப்பதால் குழப்பம். பதவியை ‘ஷெரிஃப்’ என்றும் பெயரை ‘ஷெரீப்’ என்றும் எழுதுவது நல்லது. இந்தக் கட்டுரையில் அப்படித்தான் எழுதுகிறேன்.

குடியேறியவர்களோடு பதவியும் கடல் கடந்தது. 1634இல் வர்ஜீனியா 8 ஷைர்களாகப் பிரிக்கப்பட்டபோது ஷெரிஃபும் அங்கே வந்தார். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் மாநிலங்கள் ஒவ்வொன்றாக அந்தப் பதவியை வாக்குப்பெட்டிக்கு மாற்றின. மன்னரின் ஆளாக இருந்தவர் வாக்காளரின் ஆள் ஆனார். பல மாநில அரசமைப்புச் சட்டங்களே ஷெரிஃப் பதவியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. நம் எஸ்.பி.யை அரசு ஒரே இரவில் இடமாற்றம் செய்துவிடலாம், ஷெரிஃபை அப்படித் தூக்கியடிக்க வழியில்லை.

வானொலி ஷெரிஃபைக் கொண்டாடும் காரணம் இங்கேதான் இருக்கிறது. சர்ச்சைக்குரிய விஷயங்களில் இரு தரப்பையும் ஒலிபரப்ப வேண்டும் என்ற விதி 1987இல் நீக்கப்பட்டது. மறு ஆண்டே வலதுசாரிப் பேச்சாளர் ரஷ் லிம்போவின் நிகழ்ச்சி நாடு முழுக்கப் போனது. நேயர்கள் தொலைபேசியில் அழைத்துப் பேசும் இந்த வகைப் பேச்சு வானொலியில் குற்றம் என்றாலே பெருநகரம்தான். நகர போலீஸ் தலைவரை மேயர் நியமிக்கிறார், மேயர் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்காரர், ஆகவே போலீஸின் கை கட்டப்பட்டிருக்கிறது, குற்றவாளி துணிகிறான். ஆண்டாண்டாக ஓடும் வாதம் இது. அந்தக் கதையில் யாருக்கும் கட்டுப்படாத நல்லவராக வருகிறவர் கிராமப்புறக் கவுண்டியின் ஷெரிஃப்.

விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி கவுண்டி ஷெரிஃபாக இருந்த டேவிட் கிளார்க் 2013இல் வானொலி அறிவிப்பு ஒன்றே வெளியிட்டார். அவசர உதவி எண்ணான 911ஐ அழைத்துவிட்டுக் காத்திருப்பது இனி சிறந்த வழி அல்ல, துப்பாக்கிப் பயிற்சி எடுங்கள் என்று தன் கவுண்டி மக்களிடம் சொன்னார். அரிசோனாவின் மரிகோபா கவுண்டியில் ஜோ அர்பாயோ கைதிகளை வெயிலில் கூடாரங்களில் அடைத்தார், அவர்களுக்கு இளஞ்சிவப்பு உள்ளாடை கொடுத்தார். 6 தேர்தல்களில் வென்று 24 ஆண்டு பதவியில் இருந்தார். குடியேற்ற ஆவணம் இல்லை என்ற சந்தேகத்தை மட்டும் வைத்து ஆட்களைப் பிடிக்கக் கூடாது என்ற நீதிமன்ற ஆணையை மீறியதற்காக 2017 ஜூலையில் குற்றவாளி எனத் தீர்ப்பு வந்தது. அடுத்த மாதமே டிரம்ப் மன்னிப்பு வழங்கினார். ஆனால் அர்பாயோவை வீட்டுக்கு அனுப்பியது தீர்ப்பு அல்ல, 2016 தேர்தல் தோல்வி. அவரை 24 ஆண்டு காப்பாற்றியதும் அதே ஓட்டுதான் என்பதை நான் மறக்கவில்லை. ஓட்டு ஒரு கடிவாளம், அதை நீதிமன்றத்துக்கு மாற்றாக ஆக்கக் கூடாது.

‘அரசமைப்பு ஷெரிஃப்’ என்றொரு சொல்லும் இந்த வானொலியில் உண்டு. துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்க்கும் வேலையை மத்திய அரசின் பிரேடி சட்டம் உள்ளூர் அதிகாரிகள் தலையில் கட்டியது. மொன்டானாவின் ஜே பிரின்ட்ஸ், அரிசோனாவின் ரிச்சர்ட் மேக் என்ற இரு ஷெரிஃப்கள் வழக்குப் போட்டார்கள். 1997இல் உச்ச நீதிமன்றம் 5-4 என அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மேக் 2011இல் தொடங்கிய ‘அரசமைப்பு ஷெரிஃப்’ அமைப்பு, கவுண்டிக்குள் ஷெரிஃபே உச்ச அதிகாரி, மத்திய அரசுகூட அவருக்கு மேலே இல்லை என்கிறது. தீர்ப்பு அப்படிச் சொல்லவே இல்லை. உள்ளூர் அதிகாரிகளை மத்திய அரசு தன் வேலைக்காரர்களாக ஏவ முடியாது என்பதோடு அது நின்றது. அதே தீர்ப்பைக் காட்டித்தான் ஜனநாயகக் கட்சி ஆளும் நகரங்கள் பிற்பாடு குடியேற்றக் கைதுகளுக்கு உதவ மறுத்தன. இதை அந்த வானொலியில் எடுத்துச் சொல்கிறவர் குறைவு.

இனி நன்றி நவிலல் நாள். நவம்பர் நான்காம் வியாழன், குடும்பம் கூடி வான்கோழி விருந்து உண்ணும் நாள். லிம்போ ஆண்டுதோறும் இந்த நாளை ஒட்டி ‘உண்மைக் கதை’ என்று ஒன்றை வாசித்து வந்தார். அமெரிக்காவில் ஆங்கிலேயர் அமைத்த பிளிமத் குடியேற்றத்தில் பொது விவசாயம் பட்டினியில் முடிந்தது, ஆளுநர் பிராட்ஃபோர்ட் குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலம் பிரித்துக் கொடுத்த பிறகே வயிறு நிறைந்தது என்பது அதன் சாரம். அரசு கையை எடுத்தால் மக்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்பது அதன் பாடம். 2020 நவம்பரில் நியூயார்க் ஆளுநர் ஆண்ட்ரூ கோமோ, கொரோனா பரவலைத் தடுக்க வீட்டில் 10 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று ஆணையிட்டபோது, அந்தப் பாடம் கேட்டு வளர்ந்த காதுகளில் அது எப்படி விழுந்திருக்கும்!

ஃபுல்டன் கவுண்டி ஷெரிஃப் ரிச்சர்ட் ஜியார்டினோ முன்னாள் நீதிபதி. விருந்துக்கு வந்த தலைகளை எண்ண என் ஆட்களை வீடு வீடாக அனுப்ப மாட்டேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். வேறு பல கவுண்டி ஷெரிஃப்களும் அதையே சொன்னார்கள். கோமோ கொதித்தார். சட்டத்தில் பிடித்ததை மட்டும் அமல்படுத்துகிறவர் சட்டக் காவலரே அல்ல என்றார். தேர்தலில் ஜெயித்த ஆளுநரும் தேர்தலில் ஜெயித்த ஷெரிஃபும் நேருக்கு நேர் நின்ற சண்டை அது. ஆனால் அதே மாநிலத்தில், அதே பருவத்தில், நியூயார்க் நகர ஷெரிஃபின் ஆட்கள் கொரோனா விதியை மீறிய கேளிக்கைக் கூட்டங்களுக்குள் புகுந்து கலைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே மட்டும் என்ன வேறுபாடு? நியூயார்க் நகர ஷெரிஃபை மேயர் நியமிக்கிறார், அவர் நகர நிதித் துறையின் கீழ் வேலை செய்கிறார். இருவர் பதவிக்கும் பெயர் ஒன்றுதான், அது வந்த வழி வேறு.

சென்னைக்கும் ஷெரிஃப் இருந்தார். 1726 அரச பட்டயத்தின் வழியே மதராஸுக்கு வந்த பதவி அது. நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றும் வேலையில் தொடங்கி, கடைசியில் விருந்தினரை வரவேற்கும் கௌரவப் பதவியாகச் சுருங்கி, பிறகு ஒழிந்தது. மும்பையில் நடிகர் திலீப் குமார் 1980இல் ஷெரிஃப் ஆனது இந்த வகைப் பதவியில்தான். அவர் கையில் சிறையும் இல்லை, துப்பாக்கியும் இல்லை.

அப்படியென்றால் தமிழில் என்ன சொல்வது? வேர்ச்சொல்லுக்கு நம்மிடம் அச்சாக ஒன்று இருக்கிறது. சோழர் கால அலுவலர் பெயர்களில் வரும் ‘நாடு கண்காணி நாயகம்’. நாடு என்பது ஷைர், கண்காணி என்பது ரீவ். வரியும் காவலும் சேர்ந்த பொருளுக்குக் கல்வெட்டுகளின் ‘பாடிகாவல்’ இருக்கிறது. ஊரைக் காக்கும் உரிமைக்கும் அதற்காக வாங்கும் வரிக்கும் அந்த ஒரே பெயர். இடைக்கால இங்கிலாந்தைப் பற்றி எழுதும்போது ‘நாடு கண்காணி’ என்பதைத் தயங்காமல் எடுத்தாளலாம். இன்றைய அமெரிக்கருக்கு அது சரிவராது. ‘கண்காணி’ என்றதும் இலங்கை, மலேயாத் தோட்டத்துக் கங்காணிதான் நினைவுக்கு வருவார். மேலும் அது மேலிடம் அமர்த்திய ஆளையே குறிக்கிறது.

ஊராட்சித் தலைவர், சங்கத் தலைவர் என்று நாம் ஓட்டில் வந்தவரைத் தலைவர் என்கிறோம். ஆட்சியர், ஆணையர், அதிகாரி என்றால் அரசு அமர்த்தியவர். அந்த வழக்கை ஒட்டி ‘கவுண்டிக் காவல் தலைவர்’ என்பதே பொருந்தி வரும். ஐ.ஜி.க்குக் ‘காவல்துறைத் தலைவர்’ என்ற பெயர் ஏற்கெனவே இருப்பதால், முதல் முறை எழுதும்போது மட்டும் ‘மக்கள் தேர்ந்தெடுத்த கவுண்டிக் காவல் தலைவர்’ என்று விரித்து எழுதிவிட்டு, அடுத்த வரியிலிருந்து ‘ஷெரிஃப்’ என்றே தொடரலாம். நியூயார்க் நகரத்தவருக்கு ‘நகர ஷெரிஃப்’ போதும், அவர் முன்னால் ‘மக்கள் தேர்ந்தெடுத்த’ வரக் கூடாது. பழைய சென்னைப் பதவியை ‘கௌரவ ஷெரிஃப்’ என்க.