"பழரசம் மாதிரித்தான் இருக்கு": சோத்தேர்ன் ஒயினும் சர்க்கரை நோயும்

"பிள்ளை, இது குடி இல்லை. பழரசம் மாதிரித்தான் இருக்கு. கசக்கவும் இல்லை, தொண்டை எரியவும் இல்லை."

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரியில் என் எதிரே உட்கார்ந்து இதைச் சொன்னவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர். பாரிசில் ஓர் உணவகத்தின் சமையலறையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை. நான் புதுச்சேரிக்காரி, இங்கே நீரிழிவுப் பிரிவில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். (ஆள் தெரியாமலிருக்க அவரைப் பற்றிய விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.)

கிறிஸ்துமஸுக்கு முதலாளி வேலையாட்களுக்கு ஆளுக்கு அரை பாட்டில் சோத்தேர்ன் கொடுத்திருக்கிறார். பிரெஞ்சுக்காரர்கள் பண்டிகை விருந்தில் வாத்து ஈரலோடு வைத்துக் குடிக்கும் இனிப்பு ஒயின் அது. இவர் இரவு பதினொன்றரைக்கு வீடு வந்ததும், தேநீர் குடிக்கும் கண்ணாடித் தம்ளரில் ஊற்றிக் குடித்திருக்கிறார். ஏறக்குறைய 200 மில்லி. அப்புறம் விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை நம் ஊர்க் கணக்கில் 260. பயந்துபோய், இரவு இன்சுலினில் நாலு யூனிட் கூட்டிப் போட்டுக்கொண்டு, "சீனி ஏறிட்டுது, இனிச் சோறு வேண்டாம்" என்று படுத்துவிட்டார். அதிகாலை நாலு மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து, பேச்சுக் குழறியிருக்கிறது. அவர் மனைவி கெட்டிக்காரர். குடித்துவிட்டு உளறுகிறார் என்று விட்டுவிடாமல் கருவியை எடுத்துக் குத்திப் பார்த்தார். 0.48 என்று காட்டியது. பிரான்சில் லிட்டருக்குக் கிராம் கணக்கு, நம் ஊர்க் கணக்கில் 48. உடனே சீனித் தண்ணீர் கலக்கிக் கொடுத்திருக்கிறார். அதனால்தான் ஜனவரியில் அவர் என் எதிரே உட்கார முடிந்தது.

இனிப்பைக் குடித்தவருக்கு எப்படிச் சர்க்கரை இறங்கும் என்றுதான் கணவனும் மனைவியும் மாறி மாறிக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதைப் புரிந்துகொள்ள, அந்த பாட்டிலுக்குள் இருப்பது என்ன என்று தெரிய வேண்டும்.

ஓர் அக்டோபரில் நான் சோத்தேர்ன் பகுதிக்குப் போயிருக்கிறேன். பொர்தோ நகரத்திலிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர். சிரோன் என்ற சிறிய ஆறு மர நிழலிலேயே ஓடி வருவதால் அதன் தண்ணீர் குளிர்ந்திருக்கும். வெதுவெதுப்பான கரோன் ஆற்றில் அது கலக்கும் இடத்தைச் சுற்றி, இலையுதிர்காலக் காலைகளில் மூடுபனி எழுந்து தோட்டங்களை மூடிவிடுகிறது. மதியம் வெயில் வந்து எல்லாவற்றையும் உலர்த்துகிறது. இந்த ஈரமும் வெயிலும் மாறி மாறி வருவதுதான் போத்ரிட்டிஸ் என்ற பூஞ்சைக்குத் தேவை.

தோட்டக்காரர் ஒரு குலையைக் கையில் கொடுத்தார். நம் வீட்டில் என்றால் அப்படியே குப்பைக்குப் போயிருக்கும். பாதிப் பழங்கள் ஊதா கலந்த பழுப்பில் சுருங்கி, மேலே சாம்பல் படிந்தது போலப் பூசணம். ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டேன். திராட்சை என்று சொல்லவே முடியாது. தேனில் ஊறிய உலர்ந்த பழம் போல நாக்கில் ஒட்டியது, பின்னாலேயே சுள்ளென்று ஒரு புளிப்பு. பூஞ்சை தோலில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் போடுகிறது, பழத்தின் தண்ணீர் ஆவியாகிறது, சர்க்கரையும் புளிப்பும் கெட்டிப்பட்டு உள்ளேயே நிற்கின்றன. பிரெஞ்சில் இதற்கு 'மேன்மையான அழுகல்' என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள். அதே பூஞ்சை, மழை விடாமல் பிடித்துக்கொண்டால், வெறும் அழுகலாகவே முடிந்துவிடும்.

எல்லாப் பழமும் ஒரே நாளில் சுருங்காது. அதனால் பறிப்பவர்கள் சிறிய கத்தரியோடு ஒரே வரிசைக்கு நாலைந்து முறை திரும்பத் திரும்ப வருகிறார்கள், சுருங்கியதை மட்டும் வெட்டுகிறார்கள். அந்தப் பகுதியில் தலைசிறந்தது ஷாத்தோ திக்கெம் தோட்டம். 1855இல் பொர்தோ ஒயின்களைத் தரம் பிரித்தபோது சோத்தேர்னில் எல்லோருக்கும் மேலே தனி வகுப்பு அதற்கு ஒன்றுக்குத்தான் கிடைத்தது. அங்கே ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் ஒயின்தான் என்பார்கள். 2012இல் பழம் சரியாக அமையவில்லை என்று அந்த வருடத்துக்கு அந்த ஒயினையே அவர்கள் வெளியிடவில்லை. இவ்வளவு பாடுபட்டுச் செய்யும் ஒன்றைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அதைப் பழரசம் என்று நினைத்துத் தம்ளரில் ஊற்றுவதுதான் எனக்குப் பயம்.

இப்போது கணக்குக்கு வருவோம். இப்படிச் சுருங்கிய பழத்தின் சாற்றில் லிட்டருக்கு 360 கிராம் வரை சர்க்கரை இருக்கும். ஈஸ்ட் இதைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது, ஒரு சதவீத ஆல்கஹாலுக்கு ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை செலவாகும். 14 சதவீதத்தை எட்டும்போது ஈஸ்ட் களைத்துவிடும், மிச்சத்தைக் கந்தக டையாக்சைடு சேர்த்து நிறுத்திவிடுவார்கள். 14ஐ 17ஆல் பெருக்கினால் 238. ஆக 120 கிராம் சொச்சம் தின்னப்படாமல் நிற்கிறது. நல்ல சோத்தேர்னில் லிட்டருக்கு 120 முதல் 150 கிராம் சர்க்கரை சாதாரணம். கோலா பானத்தில்கூட 105 கிராம் அளவுதான். ஆனால் கோலா அளவுக்குத் திகட்டாது, ஏனென்றால் அந்தச் சுள்ளென்ற புளிப்பு இனிப்பை மறைக்கிறது. இனிப்போ ஆல்கஹாலின் எரிச்சலை மறைக்கிறது. தொண்டை எரியவில்லை என்று அவர் சொன்னது முழு உண்மை. ஆனால் அந்த ஒரு தம்ளரில் 26 கிராம் சர்க்கரையும், அதோடு 22 கிராம் சுத்த ஆல்கஹாலும் இருந்தன. பிரான்சில் 10 கிராம் ஆல்கஹாலை ஓர் அளவு என்று வைத்திருக்கிறார்கள், ஆரோக்கியமான பெரியவர்களே ஒரு நாளில் இரண்டு அளவைத் தாண்ட வேண்டாம், எல்லா நாளும் குடிக்கவும் வேண்டாம் என்பது அரசு ஆலோசனை. ஒரே தம்ளரில் அவர் அந்த எல்லையைத் தாண்டிவிட்டார்.

உடம்புக்குள் போனதும் இரண்டும் வேறு வேறு நேரத்தில் வேலை செய்கின்றன. சர்க்கரை சீக்கிரமே ரத்தத்தில் ஏறிவிடும், அவர் பார்த்த 260 அதுதான். ஆல்கஹாலின் வேலை பிறகு. நாம் தூங்கும்போது கல்லீரல்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரை தயாரித்து ரத்தத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். ஆல்கஹால் வந்துவிட்டால் கல்லீரல் அதைத்தான் முதலில் கவனிக்கும், புதுச் சர்க்கரை தயாரிப்பது தடைப்படும். இன்சுலினோ தன் வேலையை நிறுத்தாது. வயிற்றில் சோறும் இல்லை. அப்போது சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்? கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும் கிளிக்லசைடு, கிளிமிப்பிரைடு மாதிரி மாத்திரை எடுப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. மறுநாள் வரைக்கும்கூட நீளலாம்.

ஆகவே இனிப்பு ஒயின் குடித்த இரவில் கருவி காட்டும் பெரிய எண்ணைப் பார்த்துப் பயந்து, மருத்துவர் சொல்லாமல் இன்சுலினைக் கூட்டாதீர்கள். சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள். படுக்கும் முன் ஒரு முறை பாருங்கள், வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள். சர்க்கரை இறங்கினால் வரும் தள்ளாட்டமும் உளறலும் போதையைப் போலவே இருக்கும். சந்தேகமாக இருந்தால் குத்திப் பார்த்துவிடுவது நல்லது. நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கலாம். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், பிரான்சில் மருத்துவ அவசர எண் 15ஐ அழையுங்கள்.

இன்னொரு குழப்பம் லேபிளில். 'வேன் தூ நத்யுரேல்' என்று தெற்கில் ஒரு வகை உண்டு. ரிவ்சால்த் மஸ்கட், பான்யுல்ஸ் எல்லாம் அந்த ரகம். பெயரில் 'இயற்கை' என்று இருப்பதால் உடம்புக்கு நல்லது என்று வாங்கியவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அதில் நொதிப்பைப் பாதியில் நிறுத்த நேரடியாகவே சாராயம் சேர்க்கிறார்கள், ஆல்கஹால் 15 சதவீதத்துக்குக் குறையாது. மஸ்கட்டில் சர்க்கரை லிட்டருக்கு 100 கிராமுக்குமேல். மற்ற ஒயின்களின் லேபிளில் 'மொவெல்லோ' என்று இருந்தால் சட்டப்படி சர்க்கரை லிட்டருக்கு 12 கிராமுக்கும் 45 கிராமுக்கும் இடையில், 'தூ' என்றால் 45 கிராமுக்கு மேல். 2023 டிசம்பர் 8க்குப் பிறகு தயாரான ஒயின்களில் கலோரி அளவு லேபிளிலேயே இருக்க வேண்டும், சர்க்கரை அளவை அங்கேயோ கியூஆர் குறியிலோ பார்க்கலாம். பழைய வருட பாட்டிலில் இது இருக்காது, ஆல்கஹால் சதவீதம் மட்டும் இருக்கும்.

ஆஸ்துமா உள்ளவர்களும் கவனிக்க வேண்டும், கந்தக டையாக்சைடு அவர்களில் சிலருக்கு மூச்சிரைப்பைத் தூண்டலாம். சாதாரண சிவப்பு ஒயினில் கந்தக டையாக்சைடு லிட்டருக்கு 150 மில்லிகிராம்தான் அனுமதி, சோத்தேர்ன் வகைக்கு 400 வரை உண்டு.

"ஸ்வீட்தானே, ஒரு வாய் குடி" என்று கர்ப்பமாக இருக்கும் மருமகளுக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் நீட்டுவதை எத்தனையோ வீடுகளில் கேள்விப்பட்டிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். பிரான்சில் விற்கும் பாட்டிலில் கர்ப்பிணிப் படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்டிருப்பது இந்த ஒயினுக்கும் சேர்த்துத்தான். இதுவரை குடிக்காதவர்கள் இதற்காக ஆரம்பிக்கவும் வேண்டாம்.

அன்று அவருக்கு மருந்துச் சிரப்போடு வரும் சிறிய அளவு மூடியைக் காட்டினேன். மருத்துவர் சரி என்றால், வருடத்தில் ஒருநாள், வயிறாரச் சாப்பிட்ட பிறகு, 60 மில்லி. பிரெஞ்சுக்காரர்களே இதைச் சிறிய கிளாஸில்தான் ஊற்றுகிறார்கள். "திறந்த போத்தலை முடிக்கத்தானே வேணும்?" என்று கேட்டார். வேண்டாம் ஐயா, தக்கையை மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் கெடாது என்றேன். அது அவருக்குப் புதுச் செய்தி.

அடுத்த டிசம்பரில் தொலைபேசியில் அழைத்தார். முதலாளி இந்த முறையும் கொடுத்திருக்கிறாராம். மனைவி பின்னாலிருந்து ஏதோ சொல்வது கேட்டது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு லேபிளைப் படித்தார். "பதினாலு போட்டிருக்கு பிள்ளை. சீனி எவ்வளவெண்டு இல்லை. இது 2019ஆம் ஆண்டுப் போத்தல்."