பியாவ்ஹாவ்: வங்கியா, சீட்டுக்கடையா, உண்டியல் கடையா?

சீனாவின் ஷான்சி மாகாணத்தில் பிங்யாவ் என்றொரு மதில் நகரம் இருக்கிறது. 1370இல் மிங் அரசர் காலத்தில் கட்டிய மதில், சுற்றளவு சுமார் ஆறு கிலோமீட்டர், இன்றும் முழுதாக நிற்கிறது. 1997இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனாவின் பணமெல்லாம் இந்தச் சின்ன ஊர் வழியாகத்தான் ஓடியது என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை. அந்தப் பணத்தை ஓட்டிய கடைகளின் பெயர்தான் பியாவ்ஹாவ்.

சுற்றுலாக் கையேடுகள் இதை 'பழைய வங்கி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகின்றன. தமிழிலும் அப்படியே எழுதிவிடலாம்தான். ஆனால் அந்தச் சொல் இந்தக் கடைக்குப் பொருந்தவில்லை.

மேற்குத் தெருவில் ரிஷெங்சாங் என்ற கடை இருக்கிறது. இப்போது அருங்காட்சியகம். வாசலைத் தாண்டினால் ஒரு முற்றம், இரண்டு பக்கமும் மரத்தாலான கல்லாமேடை, உள்ளே போகப்போக அடுத்தடுத்து முற்றங்கள். நம்மூர் இரண்டு கட்டு, மூன்று கட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு வழி தவறாது. இதுவே பியாவ்ஹாவ்களில் முதலாவது, 1823 வாக்கில் தொடங்கியது. அதற்கு முன் இது சாயக்கடை. பெய்ஜிங்கிலும் அதற்குக் கிளை உண்டு. பெய்ஜிங்கில் பிழைக்கப் போன பிங்யாவ்காரர்கள் ஊருக்கு வெள்ளி அனுப்ப வேண்டுமென்றால் காவல் படைக்குக் கூலி கொடுத்து வண்டியில் ஏற்ற வேண்டும். வழியில் கொள்ளை பயம் வேறு. சாயக்கடை மேலாளர் லெய் லூதாய்க்கு வேண்டியவர்கள் வேறு வழி கண்டார்கள்: வெள்ளியைப் பெய்ஜிங் கடையில் கொடுத்துவிட்டு, ஒரு சீட்டை வாங்கிக்கொண்டு, அதை ஊர்க் கடையில் காட்டி வெள்ளி வாங்கிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் சாயத்தைவிடச் சீட்டில் லாபம் அதிகம் என்று தெரிந்துபோனது. சாயம் போயிற்று, சீட்டு நிலைத்தது.

சரி, சொல்லுக்கு வருவோம். 'பியாவ்' என்றால் சீட்டு. இதைவிடச் சரியாக ஒரு சொல் இன்னொரு மொழியில் போய் உட்காருமா என்று எனக்குச் சந்தேகம். ரயில் டிக்கெட், நாடகத்துக்கான அனுமதிச் சீட்டு, தேர்தலில் போடும் ஓட்டு, லாட்டரி எல்லாமே சீனத்தில் பியாவ்தான். நாமும் பயணச்சீட்டு, நுழைவுச்சீட்டு, வாக்குச்சீட்டு, பரிசுச்சீட்டு என்கிறோமே! 'ஹாவ்' என்பதற்குப் பெயர், எண் என்று பல பொருள் உண்டு, இந்த இடத்தில் கடை. ஆக, சொல்லுக்குச் சொல் போட்டால் சீட்டுக்கடை.

ஆனால் 'சீட்டுக்கடை' என்று எழுதினால் தமிழ் வாசகருக்கு முதலில் நினைவுக்கு வருவது மாதச் சீட்டு, தள்ளுச் சீட்டு, அப்புறம் பணத்தோடு ஓடிப்போன யாரோ ஒருவர். அதனால் அது வேண்டாம்.

'வங்கி'யில் என்ன குறை? அது ஐரோப்பியச் சொல்லின் தமிழ் உருவம். இத்தாலிய நகரங்களில் நாணயம் மாற்றுபவர்கள் போட்டு உட்கார்ந்த பலகையின் பெயரான 'பாங்கோ' அதன் வேர். (தமிழில் ஏற்கெனவே இருந்த வங்கி, பெண்கள் மேற்கையில் அணியும் நகை. இரண்டுக்கும் உறவில்லை.) சீனர்கள் இன்றைய வங்கியைப் பியாவ்ஹாவ் என்று சொல்வதே இல்லை. அதற்கு 'யின்ஹாங்' என்று வேறு சொல் வைத்திருக்கிறார்கள், வெள்ளி நிலையம் என்று பொருள். வெள்ளியே பணமாக இருந்த காலத்தின் சொல் அது. மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர் இன்னமும் 'பத்து வெள்ளி' என்பது போலத்தான்.

தனித்தமிழ் ஆர்வலர்கள் வங்கிக்கு 'வைப்பகம்' என்பார்கள். நல்ல சொல், ஆனால் இந்த இடத்துக்கு அதுவும் சரிவராது. பியாவ்ஹாவ் பின்னாளில் வைப்பும் வாங்கியது, கடனும் கொடுத்தது. என்றாலும் அதன் உயிர் பணத்தை வைப்பதில் இல்லை, வெள்ளியை நகர்த்தாமல் பணத்தை நகர்த்துவதில் இருந்தது.

இந்த வேலைக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: உண்டியல். இந்தி 'ஹுண்டி'யிலிருந்து வந்தது. ஓர் ஊரில் பணத்தைக் கட்டி, இன்னோர் ஊரில் காட்டிப் பெறும் ஓலை அது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மா, மலாயா, இலங்கை என்று உண்டியல் மூலம் பணத்தை அனுப்பினார்கள். அவர்கள் தங்கள் நிறுவனத்தைக் 'கடை' என்றே சொன்னார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். இன்று தமிழ்நாட்டில் உண்டியல் என்றால் கோயில் வாசல் பெட்டிதான், இல்லையென்றால் பிள்ளைகள் காசு சேர்க்கும் மண் கலயம். பழைய பொருளைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் இலங்கைத் தமிழர். "உண்டியலில் காசு அனுப்பினேன்" என்று அங்கே சொன்னால் யாரும் கோயிலை நினைக்க மாட்டார்கள். ஆகவே பியாவ்ஹாவ் என்பதற்கு என் தேர்வு 'உண்டியல் கடை'. வரைவோலை, மாற்றுச்சீட்டு என்பவை பாடப்புத்தகச் சொற்கள், தவறில்லை, ஆனால் சட்ட வாசனை அடிக்கிறது.

உண்டியல் என்று வந்துவிட்டால் மோசடி பயமும் கூடவே வரும். ரிஷெங்சாங் அதற்குச் செய்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. சீட்டுத் தாளில் நீர்க்குறி உண்டு, எழுதுபவரின் கையெழுத்தை எல்லாக் கிளைகளும் அறியும். அதற்கு மேல் ஒரு சங்கேதம். பன்னிரண்டு எழுத்தில் ஒரு வாசகம்: 'கள்ளச் சீட்டால் ஏமாறாதே, எழுத்தையும் முத்திரையையும் உற்றுப் பார்க்க மறவாதே' என்பது போல. ஓர் எழுத்து ஒரு மாதம். ஐந்தாம் மாதம் என்று எழுத வேண்டிய இடத்தில் ஐந்தாம் எழுத்தைப் போடுவார்கள். மாதத்தின் முப்பது நாளுக்கு, மனித மனத்தின் வஞ்சகத்தையும் நன்மை தீமைக்குக் கிடைக்கும் பலனையும் பற்றி முப்பது எழுத்துப் பாட்டு. தொகைக்குப் பத்தெழுத்து, 'புதிய வாடிக்கையாளரைக் கவனித்துப் பார், யோசித்து நட' என்ற பொருளில். இவற்றை அவ்வப்போது மாற்றிக்கொண்டும் இருந்தார்கள். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள் என்று பள்ளியில் குழூஉக்குறிக்கு உதாரணம் படித்தோமே, அதே சாதி. ஒரே வேறுபாடு, இவர்களுடைய குழூஉக்குறி எச்சரிக்கையாகவும் இருந்தது. சீட்டு எழுதும் ஒவ்வொரு தடவையும் கணக்கருக்கு அறிவுரை.

அந்தத் தெருவிலேயே வெய்தாய்ஹோ என்ற போட்டிக் கடையும் உண்டு. ரிஷெங்சாங்கின் துணை மேலாளர் மனஸ்தாபத்தில் வெளியேறி, துணிக்கடையாக இருந்த அதை உண்டியல் கடையாக மாற்றினார். பிறகு ஊரில் இருபதுக்கும் மேற்பட்ட கடைகள் முளைத்தன. 1911 புரட்சியில் சிங் பேரரசு விழுந்தது. கொடுத்த கடன் திரும்பவில்லை, வைப்பு போட்டவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். ரிஷெங்சாங் 1914இல் மூடியது. அதற்குள் நகரங்களில் யின்ஹாங் வந்துவிட்டிருந்தது.