புரொப்பர்ட்டீஸ் பைலுக்கு ஆதன வரி கட்ட வேண்டுமா?

‘ஆதனக் கோப்பைத் திறந்து, தேவையான ஆதனங்களை மாற்றிச் சேமிக்கவும்.’

கல்லடியில் நடக்கும் ஒரு மாலை வகுப்பின் பாடக் குறிப்பில் இந்த வரி. இந்த வருடத்தில் எனக்கு இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் பேசாமல் இருந்துவிட்டேன். இந்த முறை கல்முனையிலிருந்து வரும் ஒரு பிள்ளை, “சேர், இது காணிக் கந்தோருக்கு எழுதின மென்பொருளா?” என்று கேட்டாள். அவளில் என்ன பிழை? ‘ஆதன வரி’ என்று சீட்டு வரும் வீட்டில் வளர்ந்தவளுக்கு ஆதனம் என்றால் வளவும் வீடும்தான்.

குறிப்பு சொல்லவந்தது புரொப்பர்ட்டீஸ் பைலை. இடப்பக்கம் ஒரு பெயர், நடுவில் சமக்குறி, வலப்பக்கம் ஒரு மதிப்பு. இப்படி வரி வரியாகப் போகும் சாதாரண எழுத்துக் கோப்பு அது. ஜாவா என்ற நிரல்மொழியின் உலகத்தில் பிறந்தது. வெப்ஸ்பியர் என்ற, ஜாவாச் செயலிகளை ஓட்டும் சேர்வரில், 2008இல் வந்த அதன் ஏழாம் பதிப்பிலிருந்து, சேவைகளின் அமைப்புகளையே இப்படிக் கோப்பாக வெளியே எடுத்துத் திருத்தலாம். பரிவர்த்தனைச் சேவை ஒரு வேலைக்கு மொத்தமாக எத்தனை வினாடி பொறுத்திருக்கும் என்பது அதில் ஒரு வரி. நாம் தொடாவிட்டால் 120. திரையில் பக்கம் பக்கமாகச் சொடுக்கித் திரியாமல், ஜைத்தனில், அதாவது ஜாவாவின் மேல் ஓடும் பைத்தன் நிரல்மொழியில், நாலு வரி எழுதிக் கோப்பை எடுப்பது, எண்ணை மாற்றுவது, சரிபார்ப்பது, சேர்வரில் இடுவது, கடைசியில் சேமிப்பது. சரிபார்க்கும் கட்டளை அறிக்கை மட்டும் தரும், சேர்வரைத் தொடாது. சேமிக்க மறந்தால் செய்தது அத்தனையும் போச்சு; புதுப் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இதில்தான்.

‘புரொப்பர்ட்டி’ என்ற சொல்லின் வேர் இலத்தீன். ‘தனக்கே உரியது’ என்று பொருள். அதிலிருந்து ஆங்கிலத்தில் இரண்டு கிளை: ஒருவர் வைத்திருக்கும் உடைமை ஒன்று, ஒரு பொருளோடு ஒட்டியிருக்கும் தன்மை மற்றது. அவர்களிடம் இரண்டுக்கும் ஒரே சொல். நம்மிடம் இரண்டு இருக்கிறது.

குறிப்பை எழுதியவரிடமே கேட்டேன். “சேர்வருக்கு உரியது சேர்வரின் ஆதனம்தானே, வேரைப் பாருங்கோ” என்றார். வேரைப் பார்த்தால் அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. சொத்து என்ற சொல்லைக்கூட அகராதி ‘தன்னுடையது’ என்ற வடசொல்லோடுதான் சேர்க்கிறது. ஆனால் சொல்லை வேரில் வைத்து யாரும் பேசுவதில்லை, வாயில் வைத்துத்தான் பேசுகிறோம். ஆதனம் என்றால் விற்கலாம், ஈடு வைக்கலாம், உறுதி முடிக்கலாம். நம் பக்கத்தில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். 120 வினாடியை எந்த மகளுக்கு எழுதிக் கொடுப்பது?

பண்பு என்று எழுதலாமே என்றால், “அது நல்ல பழக்கத்துக்குச் சொல்வது, பண்பான பிள்ளை என்கிறோமே” என்றார். அது பின்னால் ஒட்டிய பொருள். பண்புத்தொகைக்குத் தொல்காப்பியர் காட்டுவது வண்ணம், வடிவு, அளவு, சுவை. அந்தக் கோப்பில் இருப்பதும் வேறென்ன? நிறம் சிவப்பு, நேரம் 120. பள்ளிக்கூடத்தில் ‘செந்தாமரை’யை ‘செம்மையாகிய தாமரை’ என்று விரித்த எவருக்கும், சமக்குறி நிற்கும் இடத்தில் ‘ஆகிய’ நிற்பது தெரியும்.

சிலர் ‘இயல்பு’ என்கிறார்கள். கெட்ட சொல் இல்லை. ஆனால் யாரும் மாற்றாதபோது இருக்கும் மதிப்பை ‘இயல்புநிலை’ என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று. ‘இயல்பின் இயல்புநிலை மதிப்பு’ என்று ஒரு தடவை சத்தமாக வாசித்துப் பாருங்கள். ஆக, பண்புக் கோப்பு. வகுப்பில் பேசும்போது புரொப்பர்ட்டீஸ் பைல் என்றே சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. தமிழில் எழுதத் துணிந்த பிறகு காணிச் சட்டத்துச் சொல்லைக் கொண்டுவந்து வைப்பதுதான் பொறுக்கவில்லை.

அதே குறிப்பில் ஸ்கிரிப்டை ‘எழுத்துரு’ ஆக்கியிருந்தார்கள். எழுத்துரு என்றால் பொன்ட். கட்டளைநிரல் என்றால் யாருக்கும் விளங்கியிருக்கும். அதைவிட, திருத்திய கோப்பைச் சேர்வரில் இடும் கட்டளைக்கு ‘ஆதனக் கோப்பை விண்ணப்பிக்கவும்’! ஆங்கிலத்தில் ‘அப்ளை’ என்றால் இடுவதும்தான், விண்ணப்பிப்பதும்தான்; இவர்கள் பிழையானதை எடுத்துவிட்டார்கள். இனி முத்திரை ஒட்டிப் பிரதேச செயலகத்தில் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. கட்டளையை ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்த கை இப்படி எழுதாது. காரைதீவில் பிறந்து கல்லடியில் துயிலும் விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் படித்து, அதைக் கற்பித்தும் இருந்தவர். சென்னைக் கலைச்சொல்லாக்கத்தில் அவர் கைவைத்தது அதற்குப் பிறகுதான்.

இன்னொரு வேடிக்கை: மென்பொருளைத் தமிழாக்குகிறவர்கள் மொழிபெயர்த்துப் போடும் வாசகங்கள் ஜாவாவில் வந்து சேருவதும் இதே வகைக் கோப்பில்தான். முன்பு அதில் தமிழை நேரே எழுத முடியாது. ‘அ’ என்ற ஓர் எழுத்துக்கு ஆறு குறிகள் இட வேண்டும். 2017இல் வந்த ஜாவா 9தான் மொழிக் கோப்புகளை நேரே தமிழில் எழுத விட்டது.

குறிப்பில் ஆதனம் வந்த இடமெல்லாம் பண்பு என்று மாற்றிக் கொடுத்துவிட்டேன். ‘விண்ணப்பிக்கவும்’ இன்னும் இரண்டு பக்கத்தில் கிடக்கிறது என்று கல்முனைப் பிள்ளை நேற்றுச் சொன்னாள்.