செருப்புக்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்?

குமரி மாவட்டத்தின் குலசேகரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டும் அவருடைய அண்ணனுக்கு லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், திருவனந்தபுரத்தில் சிகிச்சை. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை எழுதுவதற்கு முன் டாக்டர், "செருப்புப் போடாம தோட்டத்துல நடந்திருக்கீங்களா?" என்று கேட்டாராம். எதற்கு?

ஸ்டீராய்டு லிம்போமா செல்களைக் கொல்லும். கூடவே நோய் எதிர்ப்பையும் அடக்குவதால், சும்மா கிடந்த கிருமிகள் தலைதூக்கும்: பழைய காசநோய், அக்கி, வாயில் பூஞ்சை, நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையால் வரும் நிமோனியா. செருப்பைப் பற்றிக் கேட்ட டாக்டர் தேடியது ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற, இரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள குடற்புழுவை.

ஈர மண்ணில் நெளியும் இதன் இளம்புழு வெறுங்காலைத் துளைத்து ரத்தத்தில் ஏறும். நுரையீரலை அடைந்து, சளியோடு தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் தங்கும். கொக்கிப்புழுவும் இப்படித்தான் வருகிறது. ஆனால் கொக்கிப்புழுவின் முட்டை மண்ணுக்குப் போய்த்தான் பொரிய வேண்டும். இதன் முட்டையோ குடலிலேயே பொரிந்துவிடும். முட்டையிட ஆண் துணைகூட வேண்டாம். பொரிந்தவற்றில் சில, வெளியேறும் முன்பே தோலுரித்துத் துளைக்கும் பருவத்தை எட்டி, குடற்சுவரைக் குடைந்து மறுபடி அதே சுற்றைத் தொடங்கும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதையில் கைதிகளாக உழைத்த போர்வீரர்கள் சிலரின் உடலில் 30 ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தப் புழு இருந்தது. மலாயாத் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் மாண்ட அதே பாதை.

இத்தனை காலம் எப்படித் தெரியாமல் போகிறது? சுற்றிவரும் இளம்புழுக்களை ஈசினோபில் என்ற வெள்ளையணுக்கள் மொய்த்து நஞ்சைக் கொட்டிக் கொல்கின்றன. தப்புவது கொஞ்சம்தான், எனவே கூட்டம் பெருகாது. ஸ்டீராய்டு பட்டதும் ஈசினோபில்கள் மடிகின்றன. காவல் போனபின் புழுக்கள் ஆயிரக்கணக்கில் நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவலாம், குடல் பாக்டீரியாவையும் உடம்பில் ஒட்டிக்கொண்டு. ரத்தத்தில் கிருமி கலக்கும், மூளைக்காய்ச்சல் வரும். எச்சரிக்க வேண்டிய காய்ச்சலையும் ஸ்டீராய்டு அமுக்கிவிடும்.

ஒருமுறை மலச்சோதனையில் புழு சிக்காமல் போகலாம். ரத்தச் சோதனையும் உண்டு. மருந்து ஐவர்மெக்டின். பள்ளியில் தரும் ஒற்றைப் பூச்சி மாத்திரை (அல்பெண்டசோல்) இதற்குப் போதாது. ஐவர்மெக்டினுக்கு வழிவகுத்தவர்களுக்கு 2015இல் நோபல் கிடைத்தது. ஆனாலும் ரப்பர் வளரும் இந்த எல்லை மண்ணில் ஊர் ஊராகப் புழுக் கணக்கெடுக்க நிதி வேண்டும் என்று கேட்பவர் குறைவு. ஏழையின் காலில் ஏறும் புழு என்பதால்தானோ என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அம்மா, பயந்துபோய் அண்ணனின் ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரியலாம். அண்ணன் இப்போது செருப்புப் போட்டாலும், சிறுவயதில் வெறுங்காலோடு நடந்த வருஷங்களையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.